சதுர அடைப்புக்குள் ஓர் எண்

சனி

லேப் கணினிகளில் உபுண்டு 24.04 ஏற்றி முடித்தாயிற்று. இனி ஜூபிட்டர் நோட்புக்: நிரலையும் விடையையும் குறிப்பையும் செல் செல்லாக ஒரே பக்கத்தில் வைக்கும் கருவி. பழகிய ஆறாம் பதிப்பையே வைத்துக்கொள்ளலாமே என்று லேப் உதவியாளர் கேட்டார். வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் வீட்டில் புதிதாக நிறுவும் பிள்ளைக்குத் தானாக வந்து இறங்குவது ஏழு. வகுப்பில் ஒரு திரை, வீட்டில் வேறு திரை என்றால் புள்ளியியல் நடத்துவதற்குப் பதில் மெனு எங்கே இருக்கிறது என்றுதான் நடத்திக்கொண்டிருப்பேன். தவிர, ஆறுக்கு இனிப் புதிய வசதி எதுவும் வரப்போவதில்லை.

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் கட்டளையைக் கொடுத்த உடனே மறுப்பு: இந்தப் பைத்தான் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது, கைவைக்காதே. புதியவர்கள் மிரண்டுபோகும் இடம் இது. மறுப்பு நியாயமானது. உபுண்டு தன் சொந்த வேலைகள் பலவற்றுக்கு அதே பைத்தானைத்தான் நம்பியிருக்கிறது. அதற்குள் நாம் வேண்டியதையெல்லாம் ஏற்றி, ஏதாவது ஒரு தொகுப்பின் பதிப்பை மாற்றிவிட்டால், சம்பந்தமே இல்லாத வேறொன்று நின்றுபோகும். அதைத் தடுக்கத்தான் பெப் 668 என்ற ஏற்பாடு. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன், தன் 12ஆம் பதிப்பில் 2023இல் அதை அமலாக்கியது.

மீறிச் செல்லவும் வழி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவிட்சின் பெயர் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’. பெயர் வைத்தவருக்கு ஒரு கும்பிடு. அதற்குப் பிறகும் அதைத் தட்டச்சு செய்கிறவர்களை யாரும் காப்பாற்ற முடியாது.

முறையான வழி வென்வ்: பாடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் அதற்கென்று தனிப் பைத்தான் சூழல். கெட்டுப்போனால் ஃபோல்டரையே அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். கணினிக்கு ஒன்றும் ஆகாது. உபுண்டுவில் பைத்தான்3-வென்வ் என்ற தொகுப்பை முதலில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் இதுவும் முரண்டுபிடிக்கும்.

ஞாயிறு

நான் கேட்டது நோட்புக் ஒன்றை. கூடவே வந்தது பெரிய பட்டாளம். டொர்னாடோ, ஐபைகர்னல், என்பிகன்வர்ட், அவற்றோடு ஜூபிட்டர்லேப் 4 முழுசாக. ஏழாம் பதிப்பின் ரகசியம் இந்தக் கடைசிப் பெயரில் இருக்கிறது.

கதை 2001இல் தொடங்குகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு செய்துகொண்டிருந்த ஃபெர்னாண்டோ பெரஸ், ஆய்வை எழுதுவதை விட்டுவிட்டு ஒரு மதியப்பொழுதில் 259 வரி நிரல் எழுதினார். மேத்தமேட்டிகாவில் இருப்பதுபோல உள்ளீட்டுக்கும் விடைக்கும் எண் போடும் பைத்தான் முகப்பு. அதுதான் ஐபைத்தான். அது பிரவுசருக்குள் நோட்புக்காக வந்தது 2011 டிசம்பரில். 2014இல் பைத்தானோடு நிற்காமல் ஜூலியா, ஆர் மொழிகளையும் சேர்த்துக்கொண்டு ஜூபிட்டர் ஆனது. 2016இல் ஈர்ப்பலைகளைக் கண்டறிந்ததாக லைகோ குழு அறிவித்தபோது, தரவோடு நோட்புக்கையும் வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்று. ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கருவியை ஏன் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிறகு ஜூபிட்டர்லேப் வந்தது. ஒரே திரையில் பல ஜன்னல்கள், டெர்மினல், ஃபோல்டர் பட்டியல். பழைய நோட்புக்கை மெல்ல ஓய்வுபெறச் செய்வதுதான் முதலில் திட்டம். பயனர்கள் விடவில்லை. ஒரு பக்கம், ஒரு நோட்புக், வேறெதுவும் கண்ணில் படக் கூடாது என்பவர்கள் ஏராளம். நானும் அந்தக் கட்சி. கடைசியில் ஒரு சமரசம்: முகம் பழைய நோட்புக்குடையது, உள்ளே ஓடுவது ஜூபிட்டர்லேப். 2023 ஜூலையில் வந்த ஏழாம் பதிப்பு இதுதான். புதுப்பித்தது என்பதைவிடப் பழைய மனையில் புது வீடு கட்டியது என்பதே சரி.

திங்கள்

வீடு மாறினால் பரணில் இருந்தவை வராது. பழைய நோட்புக்குக்காக எழுதிய என்பிஎக்ஸ்டென்ஷன் துணைநிரல்கள் ஒன்றும் ஏழில் வேலை செய்யாது. வருடக்கணக்காக என் பாடக்குறிப்புகளை நடத்திவந்தவை அவை.

கணக்குப் பார்த்தால் இழப்பு பெரிதல்ல. பக்கவாட்டுப் பொருளடக்கம் இப்போது கருவியிலேயே இருக்கிறது. தலைப்பைச் சொடுக்கிப் பகுதியை மடிக்கும் வசதியும் அப்படியே. வரிவரியாக நிறுத்திப் பார்க்கும் டீபக்கர் புது வரவு. ஒவ்வொரு செல்லும் ஓட எவ்வளவு நேரம் பிடித்தது என்று காட்டும் துணைநிரலுக்கு மட்டும் வேறொன்றைத் தேடி ஏற்றினேன். சொந்தமாக ஜாவாஸ்கிரிப்ட் எழுதிச் சேர்த்திருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். அவர்களுக்காகவே என்பிகிளாசிக் என்ற பெயரில் பழைய முகப்பு தனித்தொகுப்பாகக் கிடைக்கிறது. ஏழோடு சேர்த்தே வைத்துக்கொள்ளலாம். இலவசமாகக் கருவி தரும் ஒரு குழு, பழையதையும் தூக்கி எறியாமல் கொடுத்திருக்கிறது. காசு வாங்கும் மென்பொருள்களில் இந்தக் கரிசனத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

செவ்வாய்

இன்று தமிழ் எப்படி இருக்கிறது என்று பார்த்தேன். குறிப்பு செல்களில் எழுத்துகள் அழகாக விழுகின்றன. அது பிரவுசரின் புண்ணியம். மாறிக்கு ‘மழை’ என்றே பெயர் வைத்தேன், ஓடியது. பைத்தான் 3 தொடக்கத்திலிருந்தே இதை அனுமதிக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் மட்டும் ஐந்து என்கிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் குறிகளை எண்ணுகிறது அது. மூன்று என்று விடை வேண்டுமானால் ஓப்பன்-தமிழ் நூலகத்தை ஏற்றி, அதன் எழுத்துப் பிரிப்பானிடம் கேட்க வேண்டும்.

வரைபடத்தில்தான் வழக்கமான வழக்கு. மேட்பிளாட்லிப் நூலகத்தில் ‘திருநெல்வேலி’ என்று அச்சுக்குப் பெயரிட்டால் முதலில் வருவது வெறும் கட்டங்கள், ஏனென்றால் அதன் இயல்பான எழுத்துருவில் தமிழே இல்லை. தமிழ் எழுத்துரு ஒன்றைக் காட்டிக்கொடுத்தால் அடுத்த சிக்கல். ந-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் ல-வோடு ஒட்டிக்கொள்கிறது. வே-யின் கொம்புக்கும் அதே கதி. எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வரைந்துகொண்டு போகிறது. இடம்மாற்றி அடுக்கும் வேலை என் லேப்பில் உள்ள மேட்பிளாட்லிப்புக்குத் தெரியவில்லை. நோட்புக்கின் பதிப்பு எண் ஏழு ஆனதால் இது தீராது, அதன் கையிலும் இல்லை. பிளாட்லி நூலகம் வரைவதைப் பிரவுசரே காட்டுவதால் அதில் ஊர்ப்பெயர் ஒழுங்காக வருகிறது. இந்த வருடம் மாவட்ட மழை வரைபடங்கள் எல்லாம் பிளாட்லியில்தான்.

வியாழன்

மாணவி ஒருத்தி நோட்புக்கைக் கொண்டுவந்தாள். என் கணினியில் நான்காவது செல்லிலேயே பிழை. “எனக்கு ஓடுது மேடம்” என்றாள். பொய்யில்லை. அவள் கணினியில் ஓடத்தான் செய்தது.

செல்களின் இடப்பக்கத்தில் சதுர அடைப்புக்குள் இருந்த எண்களைக் காட்டினேன்: 14, 3, 22, 9. எந்த வரிசையில் ஓட்டினாள் என்பதன் பதிவு அது. நாம் பிரவுசரில் பார்ப்பது எழுத்தை மட்டும். நிரலை ஓட்டுவது கர்னல் என்ற தனிச் செயலி. மாறிக்கு மதிப்புக் கொடுத்த செல்லை அவள் அழித்துவிட்டாள். எழுத்து போய்விட்டது, கர்னல் மறக்கவில்லை. அதனால் அவளுக்கு விடை வந்தது, எனக்கு வரவில்லை.

இது அவள் ஒருத்தி செய்வதல்ல. 2019இல் பிமென்டெல் முதலிய நான்கு ஆய்வாளர்கள் கிட்ஹப் தளத்திலிருந்து 14 லட்சம் நோட்புக்குகளைத் திரட்டி, ஓட்டத் தகுந்தவற்றை ஓட்டிப் பார்த்தார்கள். பிழையின்றி முடிந்தவை சுமார் 24 விழுக்காடு. முன்பு பதிவான அதே விடை வந்தவை சுமார் 4 விழுக்காடு. காரணங்களில் ஒன்று, வரிசை தப்பி ஓட்டுவது. இன்னொன்று, எந்தத் தொகுப்பின் எந்தப் பதிப்பு என்று எழுதிவைக்காதது. ஜோயல் கிரஸ் என்ற நிரலாளர் 2018இல் ஜூபிட்டரின் சொந்த மாநாட்டு மேடையிலேயே ஏறி, எனக்கு நோட்புக் பிடிக்காது என்று உரையாற்றினார். செல்களை வரிசை தப்பி ஓட்டுவது அவரது முக்கியப் புகார்களில் ஒன்று. அழைத்து மேடை கொடுத்தவர்களைப் பாராட்ட வேண்டும்.

ஏழாம் பதிப்பு இந்த நோயைத் தொடவே இல்லை.

சனி

என் தீர்ப்பு: ஏழாம் பதிப்பை நிறுவலாம், தயங்க வேண்டாம். ஆனால் வென்வுக்குள்தான். பழைய துணைநிரல்களை நம்பி எழுதிய பாடங்கள் இருந்தால் என்பிகிளாசிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ் வரைபடத்துக்கு வேறு நூலகம் பாருங்கள்.

நோட்புக் அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுப்புமுன் கர்னல் மெனுவுக்குப் போய், கர்னலை மறுபடி தொடங்கி எல்லாச் செல்களையும் ஓட்டும் கட்டளையைச் சொடுக்குங்கள். எண்கள் 1, 2, 3 என்று வரிசையாக வந்து, கடைசிச் செல்வரை பிழையில்லாமல் முடிந்தால் அனுப்புங்கள். பிப் ஃப்ரீஸ் தரும் தொகுப்புப் பட்டியலையும் கூடவே வையுங்கள். அது இல்லாமல் வரும் நோட்புக்குக்கு இந்தச் செமஸ்டரில் மதிப்பெண் கிடையாது.