பத்தாயிரம் அடி: எண்ணுவது யார்?

தூத்துக்குடி ரோச் பூங்கா பக்கம் காலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள். முன்பெல்லாம் வாக்கிங் வருகிறவர்களின் தோளில் ஒரு துண்டு இருக்கும், கையில் தண்ணீர் பாட்டில் இருக்கும். இப்போது பலருடைய மணிக்கட்டில் கறுப்பாக ஒரு பட்டையும் இருக்கிறது. "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு எத்தனை?" "ஆறாயிரம் ஆச்சு, சாயங்காலம் மிச்சத்தைப் பாக்கணும்." கேட்பவருக்கு அது கடன் பாக்கி பற்றிய பேச்சு மாதிரி இருக்கும் :-)

இந்தக் கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்தவர் ஒரு டேலி கிளார்க். முப்பது வருடம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டேலி கிளார்க் என்றால் எண்ணுகிறவர். கப்பலில் ஏறும், இறங்கும் மூட்டைகளைப் பக்கத்தில் நின்று எண்ணி எழுத வேண்டும். நான்கு கோடு நெட்டாக, ஐந்தாவது குறுக்காக. வெயிலானாலும் மழையானாலும் எண்ணிக்கை தப்பக்கூடாது. ஊரார் மூட்டையை எல்லாம் எண்ணியவருக்குத் தன் உடம்பில் சர்க்கரை ஏறிய கணக்கு மட்டும் தெரியாமல் போனது. பரிசோதனையில் தெரிந்ததும் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, "தினமும் நடங்க" என்றார்.

இதில் அவர் தனி ஆள் இல்லை. 2023ல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாடு உள்ளிட்ட சில பகுதிகளில் நடந்த இதன் முதல் கட்டத்தை வைத்து 2014ல் வந்த கட்டுரை, பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு (54.4 சதவீதம்) போதிய உடலுழைப்பு இல்லை என்றது.

சென்னையில் வேலை பார்க்கும் மகள், "அப்பாவுக்கு ஒரு பேண்ட் வாங்கிரலாம்" என்றாள். பி.காம். படிக்கும் மகன், "எதுக்குக்கா? போன்லயே இருக்கே" என்றான். இருவரும் சொன்னதில் நியாயம் இருந்தது. காலடி எண்ணும் வசதி 2013 முதலே ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் வந்துவிட்டது. இன்று கையில் இருக்கிற பெரும்பாலான போன்களில் கூடுதல் செலவில்லாமல் எண்ணிக்கொள்ளலாம். ஆனால் அவர் போனை எங்கே வைக்கிறார்? வீட்டில் இருந்தால் டிவி பக்கத்தில், வாக்கிங் போனால் சார்ஜரில். மேசை மேல் கிடக்கிற போன் யார் நடையை எண்ணும்? ஆக, வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை பற்றியது இல்லை. இந்த ஆள் நாள் முழுக்க எதை உடம்போடு வைத்திருப்பார் என்பதுதான்.

இரண்டாவது கேள்வி, இது எப்படி எண்ணுகிறது என்பது. பட்டைக்குள்ளும் போனுக்குள்ளும் இருப்பது ஒரே வகைச் சின்னக் கருவிதான். மூன்று திசைகளில் ஏற்படும் அசைவை அது அளக்கிறது. அந்த அசைவு நடை மாதிரி ஒரே தாளத்தில் வந்தால் மென்பொருள் அதை ஓர் அடி என்று எழுதிக்கொள்கிறது. பட்டை பார்ப்பது காலை இல்லை, கையை. அதனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் எண்ணிக்கை குறையும். குண்டும் குழியுமான ரோட்டில் பைக்கில் போனால் சில சமயம் நடக்காமலே ஏறும். உப்பளத்தில் தலையில் கூடையை வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடக்கிற ஒரு பெண்ணின் மணிக்கட்டில் இதைக் கட்டினால் பாதிக் கணக்குகூட வராமல் போகலாம். அவள் சுமக்கிற எடையோ எந்தப் பட்டையிலும் பதிவாகாது. இடுப்பிலோ பேண்ட் பாக்கெட்டிலோ இருப்பது இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை.

விலை கூடினால் துல்லியமும் கூடுமா? 2015ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் 14 பேரை டிரெட்மில்லில் நடக்கவிட்டு ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். போன் செயலிகள் உண்மைக் கணக்கிலிருந்து ஏறக்குறைய 6 சதவீதம் கூடியோ குறைந்தோ காட்டின. உடம்பில் அணியும் கருவிகளில் ஒன்று 22 சதவீதத்துக்கு மேல் குறைத்துக் காட்டியது. அன்றைய கருவிகள் இன்று இல்லை, உண்மைதான். ஆனாலும் தனியாகக் காசு கொடுத்து வாங்கியது என்பதாலேயே ஒன்று சரியாக எண்ணிவிடும் என்று நம்பக்கூடாது.

மகன் கடைக்குப் போனபோது ஒரு கடைக்காரர் இன்னொரு வாட்சை எடுத்துக் காட்டினார். "தம்பி, இது சுகரும் காட்டும், ஊசி குத்த வேண்டாம்." இந்த இடத்தில்தான் உஷாராக இருக்க வேண்டும். தோலைத் துளைக்காமல் தானாகவே ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அடி எண்ணிக்கையில் நூறு தப்பினால் ஒன்றும் ஆகாது. சர்க்கரை அளவு தப்பி, அதை நம்பி மருந்தைக் கூட்டிக் குறைத்தால் உயிருக்கே ஆபத்து. மகன் அந்த வாட்சைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

கடலோரத்து ஊருக்கு இன்னொரு கேள்வியும் உண்டு: தண்ணீர். பட்டையின் பெட்டியில் '5 ஏடிஎம், 50 மீட்டர்' என்று போட்டிருக்கும். இங்கே முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டாலும் திரேஸ்புரம் பக்கம் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்தப் பெட்டியைப் பார்த்தால், "அம்பது மீட்டரா? நமக்குத் தாராளம்!" என்றுதான் நினைப்பார். ஆனால் அந்த 50 மீட்டர், அசையாத தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக வைத்துச் சோதித்த அளவு. கட்டிக்கொண்டு அவ்வளவு ஆழம் போகலாம் என்று அதற்கு அர்த்தம் இல்லை. நீச்சலுக்குச் சரி, முக்குளிக்க வேறு தரத்து வாட்ச் வேண்டும். 'ஐபி68' என்பதும் நல்ல தண்ணீரில் சோதித்ததுதான். உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் சார்ஜ் ஏற்றும் முனைகள் கறுத்துப்போகும், பட்டைக்கடியில் தோல் அரிக்கும். தினமும் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிட்டுக் கட்டுவது நல்லது.

கடைசியில் மகள்தான் ஜெயித்தாள். இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஒரு பட்டை பார்சலில் வந்தது. இலக்கு 10,000 என்று அவளே போனில் போட்டுக் கொடுத்தாள். அப்பாவின் கணக்கு தன் போனிலும் தெரிகிற மாதிரி இணைத்துக்கொண்டாள். ராத்திரி ஒன்பதரைக்கு போன் வரும். "அப்பா, இன்னும் ஆயிரத்து இருநூறு பாக்கி இருக்கு."

முதல் வாரம் உற்சாகமாகப் போனது. இரண்டாவது வாரம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டு ஹாலுக்குள்ளேயே முன்னும் பின்னும் நடக்க ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் ஒரு முழங்கால் வீங்கியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் தண்ணீர் குடிக்க எழுந்த மகன் பார்த்தபோது, அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை மட்டும் முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தார். பட்டையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. முப்பது வருடத்தில் ஒரு மூட்டையைக்கூடக் கூட்டியோ குறைத்தோ எழுதாத மனிதர்! மகனைப் பார்த்ததும் கையைக் கீழே போட்டுவிட்டார். "பிள்ளை வருத்தப்படுவாளே லே" என்றார்.

சரி, அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்ததில்லை. 1964ல் டோக்கியோ ஒலிம்பிக் முடிந்து, ஜப்பானில் உடற்பயிற்சி ஆர்வம் பெருகியிருந்த நேரம். 1965ல் யமாசா என்ற கடிகார நிறுவனம் இடுப்பில் மாட்டும் ஒரு கருவியை விற்பனைக்கு விட்டது. பெயர் 'மான்போ-கெய்'. பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். விற்பனைக்காக வைத்த பெயர் அறுபது வருடமாக உலகத்தையே நடக்க வைத்துக்கொண்டிருக்கிறது. மார்க்கெட்டிங் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை ஒதுக்கப்பட்டது. எட்டு கிலோமீட்டர் என்றால் பத்தாயிரம் அடி என்று பொதுவாகச் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஓர் அடிக்கு 80 சென்டிமீட்டர் வருகிறது. நம் டேலி கிளார்க்கை மகன் நூறு மீட்டர் அளந்து நடக்கவிட்டான். 160 அடி ஆனது. ஓர் அடிக்கு 62.5 சென்டிமீட்டர். அப்படியென்றால் அவருக்கு எட்டு கிலோமீட்டர் என்பது 12,800 அடி! ஒருவருடைய பத்தாயிரமும் இன்னொருவருடைய பத்தாயிரமும் ஒன்றல்ல.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? 2019ல் சராசரியாக 72 வயதுள்ள 16,741 அமெரிக்கப் பெண்களை வைத்து நடந்த ஆய்வில், தினம் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் குறைவாக இருந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய மாற்றம் இல்லை. 2025ல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை, ஏறக்குறைய 7,000 அடியிலேயே பெரும்பகுதிப் பலன் தெரிகிறது என்றது. இன்னும் எளிதாகச் சொன்னால், உலகச் சுகாதார நிறுவனம் 2020ல் கேட்டது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு. நிமிடத்துக்கு நூறு அடி வேகம் இருந்தால் அது மிதமான நடை. இதற்குப் பழைய கைக்கடிகாரமே போதும்.

பட்டை கட்டினால் உடம்பு இளைக்குமா? 2016ல் ஜாமா இதழில் வந்த ஆய்வில் 18 முதல் 35 வயது வரை உள்ள 471 பேர் கலந்துகொண்டார்கள். இரண்டு வருட முடிவில், கருவி அணிந்தவர்கள் சராசரியாக 3.5 கிலோ குறைந்திருந்தார்கள். கருவி இல்லாமல் வழக்கமான ஆலோசனையோடு இருந்தவர்கள் 5.9 கிலோ குறைந்திருந்தார்கள்! கருவி கெடுதல் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதைக் கட்டிக்கொண்டதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னொரு செலவு பில்லில் வராது. ஃபிட்பிட் நிறுவனத்தை 2021 ஜனவரியில் கூகுள் 210 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. அந்த உடல்நலத் தகவல்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய அதிகாரிகள் பத்து வருடத்துக்கு நிபந்தனை போட்ட பிறகுதான் அங்கே அனுமதி கிடைத்தது. நிபந்தனை போடும் அளவுக்கு நம் நடைக்கு மதிப்பு இருக்கிறது. அதனால் செயலியை நிறுவும்போது யார் யார் பார்க்கலாம் என்ற பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அந்த டேலி கிளார்க் வீட்டில் பார்த்தது வேறு யாரும் இல்லை, பாசமுள்ள மகள்தான். அதுவே அவர் முழங்காலை வீங்க வைத்தது.

மறுநாள் காலை மகன் அக்காவுக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னான். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் இனிமே பாக்கலடா" என்று இணைப்பை எடுத்துவிட்டாள். முழங்காலை டாக்டரிடம் காட்டினார்கள். வீக்கம் வற்றியதும் இலக்கை 4,500 என்று மாற்றினார்கள். முதலில் அவர் சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது மூவாயிரத்துச் சொச்சம். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் போதும்.

மகனுக்கு மட்டும் ஒரு சந்தேகம் தீரவில்லை. ஒரே நாளில் போன் ஒன்று காட்டுகிறது, பட்டை ஒன்று காட்டுகிறது. எது சரி? அப்பாவிடமே கேட்டான். அவர் சிரித்தார்.

"ஏலே, கப்பல்காரன் டேலியும் கரைக்காரன் டேலியும் என்னைக்குலே ஒத்துப்போயிருக்கு? வித்தியாசம்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டுப் போவோம். ஆனா ஒண்ணு, ஒரே ஆளை நிக்க வை. அவன் தப்பா எண்ணுனாலும் தினமும் ஒரே மாதிரிதான் தப்புவான். நேத்தைக்கு இன்னைக்கு கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு தெரிஞ்சிரும்."

காலடி எண்ணும் கருவியைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல வழி இல்லை. முதலில் பதினைந்து நாள் போனைப் பாக்கெட்டில் வைத்து உங்கள் வழக்கமான எண் எவ்வளவு என்று பாருங்கள். போனை எப்போதும் கூடவே வைத்திருப்பவர் என்றால் அதோடு நிறுத்திக்கொள்ளலாம். இல்லையென்றால் விலை குறைந்த ஒரு பட்டை போதும். எதை எடுத்தாலும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடாமல் உங்கள் நேற்றைய எண்ணோடு ஒப்பிடுங்கள்.

அவருக்கு இப்போது சர்க்கரை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அதில் மாத்திரைக்கு எவ்வளவு, சோற்றைக் குறைத்ததற்கு எவ்வளவு, நடைக்கு எவ்வளவு என்று காஸ்ட் அக்கவுண்டிங்கில்கூடப் பிரிக்க முடியாது. ராத்திரி ஒன்பதரைக்கு சென்னையிலிருந்து போன் மட்டும் தவறாமல் வருகிறது. "எத்தனை அடி?" என்று மகள் இப்போது கேட்பதில்லை. "முட்டி எப்படிப்பா இருக்கு?" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.