எந்த வெள்ளை?

கேமராவில் ‘ஒயிட் பேலன்ஸ்’ என்று ஒன்று உண்டு. நம் வயதுக்காரர்களில் பலர் அதைத் தொடுவதில்லை. ‘ஆட்டோ’வில் விட்டுவிடுகிறோம், பெரும்பாலும் அதுவே போதும்.

ஒளிக்கும் நிறம் உண்டு. அதைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். மெழுகுவர்த்தி ஏறக்குறைய 1900, குண்டு பல்பு 2700, நடுப்பகல் வெயில் 5500, நிழல் 7500. எண் ஏற ஏற ஒளியில் நீலம் கூடும். கேமராவிலோ எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகிறது. காரணம் எளிது. 7500 என்று வைத்தால், ‘இங்கே ஒளி நீலம்’ என்று அதனிடம் சொல்கிறோம். அது ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டுகிறது.

நம் கண்ணும் மூளையும் இதைத் தாமாகவே செய்துகொள்கின்றன. விளக்கடியிலும் வெயிலிலும் வேட்டி வெள்ளைதான். வயதாகிக் கண்ணின் லென்ஸ் மஞ்சளித்தாலும், மெல்ல மெல்ல நடப்பதால் நமக்குத் தெரிவதில்லை. பிரெஞ்சு ஓவியர் குளோத் மொனேவுக்கு 1923இல் வலக்கண்ணில் புரை அறுவை நடந்தது. பிறகு நிறங்கள் மாறித் தெரிகின்றன என்று அவர் மிகவும் சலித்துக்கொண்டார்.

சென்ற மாதம் எனக்கும் வலக்கண்ணில்தான் அறுவை. மறுநாள் கொடியில் காய்ந்த வேட்டியை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்த்தேன். வலக்கண்ணுக்கு நீலம் போட்ட வெள்ளை. இடக்கண்ணுக்குப் பழைய காகித நிறம். மனைவியின் நரை இத்தனை நாளும் எனக்கு வெளிர் தங்கமாகத் தெரிந்திருக்கிறது. வலக்கண் அதை வெள்ளி என்கிறது.

இடக்கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்தாயிற்று. அதன்பின் அந்தத் தங்கம் திரும்பாது. ஆகவே அவளை முற்றத்து வெயிலில் உட்கார வைத்தேன். முதலில் ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்து, ‘கஸ்டம்’ அமைப்பில் இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குக் காட்டிவிட்டு, ஒரு படம். அது வலக்கண்ணின் படம். பிறகு கெல்வின் எண்ணை 5500இலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். திரையை வலக்கண்ணால் பார்த்தேன், அவளை இடக்கண்ணால் பார்த்தேன். 8000ஐ நெருங்கும்போது இரண்டும் ஒத்துப்போயின. அது இடக்கண்ணின் படம்.

“இதுல எதுங்க நிஜம்?” என்று கேட்டாள்.

தாளைக் கேட்டால் முதல் படம்தான் என்று சொல்லும். நான் இரண்டையும் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.

அறுவைக்குக் காத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு கண் முடிந்து மறு கண் முடியாத அந்தச் சில வாரங்களில்தான் இதைச் செய்ய முடியும். கேமராவைக் கையெட்டும் இடத்தில் வையுங்கள்.