அசைபோடும் மான்களும் நாலு பத்திக் கொப்பியும்

திங்கள்

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள் புள்ளிமான்கள் படுத்துக்கிடந்து அசைபோடுகின்றன. கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் பழத்தோலை நீட்டினால் எழும்பும், இல்லாவிட்டால் மறுபடியும் அசைபோடல்தான். நினைத்ததையே திரும்பத் திரும்ப நினைப்பதற்கு உளவியலில் உள்ள ஆங்கிலச் சொல்லும் அசைபோடுதலிலிருந்து வந்ததே. மானுக்காவது தின்றது செமிக்கும்.

ஊரில் இதற்கு 'கனக்க யோசிக்கிறது' என்று பேர். "யோசிச்சு யோசிச்சு மண்டை விறைக்குது" என்று உயர்தரப் பிள்ளை சொன்னால் வீட்டில் ஒரு தேத்தண்ணி கிடைக்கும், கூடவே "சும்மா படி" என்ற புத்திமதியும். பல நாட்டு மக்களிடம் இதே முறைப்பாடு இருப்பதை 2015இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது.

செவ்வாய்

இந்த அசைபோடலைத் தணிக்க ஒரு வழி அறிகை நடத்தைச் சிகிச்சை. மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960களில் தொடக்கியது. அதன் முக்கியமான கருவி ஒரு கொப்பி. நடந்தது, வந்த நினைப்பு, மனம் பட்ட பாடு, வேறு எப்படிப் பார்க்கலாம் என்று நாலு பத்தி.

உவர்மலையில் ரியூசன் முடிந்து வந்த ஒருத்தி எழுதுவதாக வைப்போம். 'வட்ஸ்அப்பில் நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை.' 'என்னோடை கோவம்.' 'நித்திரை வரேல்லை.' நாலாவது பத்தி வெறுமையாகவே கிடக்கும். இந்தச் சிகிச்சையைக் குழுவாகவும் செய்வார்கள். அங்கே கொப்பியை வாசிக்கும்போது பக்கத்துப் பிள்ளை கேட்பாள்: "அவளின்ரை போனில டேட்டா முடிஞ்சிருக்காதா?" பெரியவர் சொல்லியிருந்தால் அது அறிவுரை. சக வயதுப் பிள்ளை கேட்டதால் பேனை நகர்கிறது.

புதன்

எக்செற்றர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் வொட்கின்ஸ் 'ஏன் எனக்கு மட்டும்?' என்ற கேள்வியை 'இப்ப முதலில் என்ன செய்யலாம்?' என்று மாற்றப் பழக்குகிறார். இந்தப் பயிற்சியை அவரும் சேர்ந்து நெதர்லாந்தில் சோதித்த ஆய்வு 2017இல் வெளியானது. அதில் 251 இளையோர். ஒரு வருடத்தின் பின் குழுப் பயிற்சி பெற்றவர்களில் 15.3 சதவீதத்தினரிடமும், காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் 32.4 சதவீதத்தினரிடமும் மனச்சோர்வு காணப்பட்டது. இணையவழிப் பயிற்சியும் ஏறக்குறைய இதே பலனைத்தான் தந்தது. குழுவின் பெருமை பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுவார்கள்.

வியாழன்

வெளிநாட்டுக் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. வட இலங்கையில் போர் கண்ட 399 பாடசாலைச் சிறுவர்களுக்கு ஐந்து வாரத்தில் 15 அமர்வுகள் நடந்தன. அறிகை நடத்தை முறையோடு நாடகமும் இசையும் கலந்திருந்தன. முடிவு 2012இல் வந்தது. நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆண்பிள்ளைகளின் பதற்றமும் தணிந்தது. ஆனால் போர் அதிர்ச்சியின் அறிகுறிகளைப் பொறுத்தவரை, அமர்வுக்கு வந்த பெண்பிள்ளைகளை விடக் காத்திருந்த பெண்பிள்ளைகளே கூடுதலாகத் தேறினர்.

அது பதின்ம வயதினருக்கான திட்டமல்ல, யோசனைக்கான மருந்துமல்ல. என்றாலும், வகுப்பு முழுவதையும் வட்டமாக இருத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் இந்த முடிவை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். யார் குழுவுக்கு, யார் தனியாக என்று முதலில் பார்த்துப் பிரிப்பதுதான் உளவளத்துணையாளரின் வேலை.

வெள்ளி

பிள்ளை நித்திரையில்லாமல் கிடந்தால், சாப்பாட்டை ஒதுக்கினால், "செத்தால் நல்லம்" என்று ஒரு தரம் சொன்னால்கூடக் கொப்பியை நம்பி இருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926.