வர்ணத்துக்கு அடியில்

திருகோணமலையில் பழைய மோட்டார்க் காரொன்றை வைத்திருப்பவர், அதற்குப் புது வர்ணம் பூச என்ன செலவாகும் என்று கேட்டுப் புறப்பட்டால், அந்தத் தொகையை நிர்ணயிப்பது பூசுகிறவரின் கூலியோ டப்பாவின் விலையோ அல்ல, உள்துறைமுகத்திலிருந்தும் உப்புவெளிக் கரையிலிருந்தும் இரவுபகலாக ஊருக்குள் வீசும் உப்புக் காற்றே என்பதைக் கராஜ் வாசலிலேயே அறிந்துகொள்வார்.

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியாகி, இன்றும் நம் தீவில் ஓடிக்கொண்டிருக்கும் மொறிஸ் மைனருக்குத் தனியான சேசிஸ் கிடையாது. ஒன்றோடொன்று ஒட்டவைத்த தகடுகளே பாரத்தைச் சுமக்கின்றன. ஆகவே கதவுக்குக் கீழே கறள் பிடித்தால் கெடுவது சௌந்தர்யம் மாத்திரமன்று, வண்டியின் பலமுந்தான். என் மைனரைப் பார்க்கவந்த கராஜ் பாஸ் ஒரு ஸ்குரூட்ரைவரின் நுனியால் அவ்விடத்தை மெல்லக் குத்துகிறார். மினுமினுத்த வர்ணம் அப்பளம்போல் நொறுங்க, பின்னால் கனத்த பட்டியும், அதற்கும் பின்னால் செந்தூளும் உதிர்கின்றன.

"வெளியால வடிவாத்தான் இருக்கும் சேர், உள்ளுக்குத் தகடே இல்லை."

பிறகு வெட்டி ஒட்டும் தகரவேலை, அரத்தாள் தேய்ப்பு, பிரைமர் என்று கணக்கு நீள்கிறது. வர்ணம் கடைசி வரியில் அடக்கமாக நிற்கிறது. அதற்கும் காலநேரம் பார்க்கவேண்டும். வாடைக்காலத்து ஈரத்தில் செலுலோஸ் வர்ணம் அடித்தால், தின்னர் ஆவியாகையில் பரப்புக் குளிர்ந்து, காற்றின் நீராவி படிந்து, வெண்மங்கல் படர்ந்துவிடும். கச்சான் வீசும் மாதங்களிலோ புழுதி ஒட்டிக்கொள்ளும். இரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனி சித்திரையே உசிதமென்பது என் அபிப்பிராயம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபின், கழித்துவிடவிருந்த கார்களெல்லாம் திடீரென்று மதிப்புப் பெற்றன. அவற்றைப் புதுப்பிக்கும் சாமான்களின் விலையும் கூடவே ஏறியது. 2025இல் இறக்குமதி திறந்தும், வரியோடு சேர்ந்த புதுக்கார் விலை நடுத்தர வர்க்கத்துக்கு எட்டாததாகவே இருக்கிறது. எனவே காரின் பெறுமதிக்கு மிஞ்சிச் செலவிடுவது பைத்தியக்காரத்தனமென்று ஏளனம் செய்வோருடன் எனக்கு உடன்பாடில்லை. கறளை மூடி மேற்பூச்சு மாத்திரம் அடிப்பிப்பதுதான் வீண்செலவு.

நிறத்தை மாற்றினால் மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துப் பதிவுப் புத்தகத்தையும் திருத்தவேண்டும். அந்த அலைச்சலுக்கு அஞ்சி, பழைய சாம்பல் நிறமே போதுமென்றேன். பாஸ் தலையசைத்துவிட்டு முற்பணம் கேட்டார், தகடு வாங்க.