தேரை நிறுத்துவது எது?

ஏழாம் வகுப்பில் படிக்கும் அக்கா மகள் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பாள். பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவு நிறை, அலகு கிலோகிராம். அதைப் புவி இழுக்கும் விசை எடை, அலகு நியூட்டன். பரீட்சைக்கு இது தாராளமாகப் போதும். ஒப்பித்து முடித்த கையோடு கேட்டாள்: "மாமா, நான் 36 கிலோ. நிலாவுக்குப் போனா 6 கிலோ ஆயிடுவேனா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, தராசுகள் அப்படி. பழைய பேப்பர் வாங்க வருபவர் கொக்கியில் கட்டை மாட்டித் தூக்குகிறாரே, அந்தத் தராசுக்குள் இருக்கும் சுருள்வில் எவ்வளவு நீள்கிறது என்பதே கணக்கு. அது அளப்பது இழுக்கும் விசையை. முகப்பில் போட்டிருப்பதோ கிலோ. அதில் அவளைத் தொங்கவிட்டால் நிலாவில் 6 என்றுதான் காட்டும். இரண்டு தட்டுத் தராசு இந்த விஷயத்தில் யோக்கியமானது. ஒரு தட்டில் இவள், மறுதட்டில் எடைக்கற்கள். நிலாவின் இழுவை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி குறைவதால், அங்கேயும் 36 கிலோ கல் வைத்தால்தான் முள் நடுவில் நிற்கும்.

நிலா வரைக்கும் போவானேன், கொடைக்கானல் போதும். நகைக்கடையின் எலக்ட்ரானிக் தராசும் தட்டை அழுத்தும் விசையை உணர்ந்துதான் எண்ணைக் காட்டுகிறது. சென்னையில் சரிபார்த்த தராசை அப்படியே மலையேற்றி, 1 கிலோ தங்கத்தை வைத்தால் ஏறத்தாழ அரை கிராம் குறையும். 2,100 மீட்டர் உயரத்தில் புவியின் பிடி அந்த அளவுக்குத் தளர்ந்திருக்கிறது. தங்கத்திலோ குந்துமணி அளவும் குறையவில்லை. நுட்பமான தராசுகளை வைத்த இடத்திலேயே, நிறை தெரிந்த கல்லைக் கொண்டு சரிசெய்வது இதனால்தான். பூமத்திய ரேகைக்கும் துருவத்துக்கும் இடையில் இந்த வித்தியாசம் கிலோவுக்கு 5 கிராம் வரை போகும்.

எடை மாறும் என்பது பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பிடிபடுகிறது. மாறாமல் இருக்கும் அந்த நிறையை எங்கே காட்டுவது? எனக்குத் தெரிந்து திருவாரூர் ஆழித்தேரைவிட நல்ல பாடம் இல்லை. அலங்கரித்து நிற்கும்போது 96 அடி உயரம், சுமார் 300 டன். அந்தப் பாரத்தைத் தாங்குவது தரை. வடம் பிடிப்பவர்கள் யாரும் தேரைத் தூக்கவில்லை. சமதரையில் புவி அதைக் கீழ்நோக்கி இழுக்குமே தவிர, முன்னே தள்ளாது. ஆனாலும் நகர ஆரம்பித்த தேர், வடத்தை விட்டதும் நின்றுவிடுகிறதா? சக்கரத்துக்கு முன்னால் முட்டுக்கட்டை விழ வேண்டும். கட்டை போடுபவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெரியும். திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்புச் சக்கரங்களோடு ஹைட்ராலிக் பிரேக்கும் இப்போது உண்டு. தேரைக் கிளப்பும்போது உராய்வும் சேர்ந்து எதிர்ப்பதால் நிறையின் பங்கு கலங்கிப்போகிறது. நிறுத்தும்போது உராய்வு நம் கட்சி. அப்படியும் தேர் முன்னே போகப் பார்க்கிறதே, அந்தப் பிடிவாதத்தின் அளவுதான் நிறை. நிலாவில் ஒரு தேரோட்டம் நடந்தாலும், அதே வேகத்தில் வரும் தேரை நிறுத்த அதே பாடுதான் படவேண்டும்.

விண்வெளி வீரர்களின் நிறையை அளப்பதும் இந்த வழியில்தான். மிதப்பவரைத் தராசில் ஏற்றி என்ன பயன்? 1973-இல் ஸ்கைலாப் நிலையத்தில் வில் பொருத்திய நாற்காலி ஒன்று இருந்தது. வீரரை அதில் உட்காரவைத்து ஆடவிடுவார்கள். நிறை கூடினால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அதிக நேரம் பிடிக்கும்; அந்த நேரத்திலிருந்து கிலோவைக் கணக்கிட்டார்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நிலாக் கணக்கைப் போடுவதற்கு முன், ஒரே அளவான இரண்டு துணிப்பைகளை வகுப்பில் தொங்கவிடுங்கள். ஒன்றில் பஞ்சு, ஒன்றில் மணல். இரண்டின் பாரத்தையும் கயிறு பார்த்துக்கொள்ளும். பிள்ளைகள் ஒவ்வொருவரும் வந்து பக்கவாட்டில் தள்ளட்டும், ஆடிவரும் பையைக் கையால் நிறுத்தட்டும். வரையறையை அதற்குப் பிறகு எழுதிப் போடலாம்.