நாயோடு திருவண்ணாமலைக்கு ஒரு கார் பயணம்!

லீவுக்குக் காரில் திருவண்ணாமலை போகலாம். ஆனால், நாயை யாரிடம் விடுவது? செல்ல நாய் வளர்க்கும் தம்பதிகளின் வழக்கமான கவலை இது. கூடவே அழைத்துச் செல்லலாம். கொஞ்சம் திட்டமிட்டால் போதும்.

சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகச் சுமார் 190 கி.மீ. விடியும் முன்பே கிளம்புங்கள். வழியில் நிறுத்தி நாய்க்குத் தண்ணீர் கொடுங்கள்.

அண்ணாமலையார் கோயிலுக்குள் நாயை அழைத்துச் செல்ல முடியாது. அதற்காகக் காரில் பூட்டிவிட்டுப் போகவே கூடாது. வெளியே 30 டிகிரி வெயில் இருந்தாலே, மூடிய காருக்குள் 10 நிமிடத்தில் 40 டிகிரியைத் தொட்டுவிடும். நாயின் உயிரே போகலாம். ஒருவர் தரிசனம் முடித்து வரும்வரை மற்றவர் நாயோடு நிழலில் இருங்கள்.

14 கி.மீ. கிரிவலப் பாதையை வெறுங்காலில் சுற்றியவர்களுக்குத் தெரியும், பகலில் தார்ச்சாலை எப்படிச் சுடும் என்று. நாய்க்கும் வெறுங்கால்தானே! அதிகாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் போதும். பௌர்ணமிக் கூட்டம் வேண்டாம்.

அதே பாதையில்தான் ரமணாசிரமம். இங்கேயும் மாறி மாறிப் போய் வாருங்கள். ரமணரின் அன்புக்குரிய லட்சுமி என்ற பசு, வள்ளி என்ற மான் ஆகியவற்றின் சமாதிகளுக்கு அருகே ஜாக்கி என்ற நாய்க்கும் ஒரு சமாதி இருக்கிறது. நாய் வளர்ப்பவர்கள் அங்கே ஒரு நிமிடம் நிற்காமல் வர மாட்டார்கள்.