கடைசித் தக்காளி சாப்பிட வாங்க!

சிவகாசியில எம். புதுப்பட்டி பஸ் ஏறுங்க பாஸ். பட்டாசுக்கு இல்லை, கோடைக் கடைசியில வீட்டுத் தக்காளி சாப்பிட! பட்டாசைக் காயவைக்கிற அதே வெயில்தான் செடிக்கு வில்லன். ராத்திரியும் சூடு தணியலைன்னா பூ உதிரும். 30 டிகிரி தாண்டினா சிவப்பு தர்ற லைகோபீன் சரியா உருவாகாது. அதனால பழம் குட்டியா, மஞ்சளடிச்சு இருக்கும். ருசி? உப்பு தொட்டுக் கடிச்சுப் பாருங்க!

2023 ஜூலையில் விலை எகிறி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி வித்துச்சு. பயர் ஆபீஸ் கூலியில ஓடுற வீட்டுக்கு, பின்னால நிக்கிற நாலு செடி அப்போ எவ்வளவு பெருசு!

கடைசிப் பழத்தை மட்டும் தின்னுடாதீங்க. பெரியகுளத்து பி.கே.எம்.1 மாதிரி ரகம்னா விதை எடுத்து நிழல்ல காயவைங்க. ஹைபிரிட்ல அதே பழம் திரும்ப வராது. அடுத்த மழைக்கு விதைக்கணும்ல?